பொலிஷ் போட முன் பெயிண்டின் கனத்தைக் கேளுங்கள்

சென்ற வருடம் என்னுடைய நிசான் சனி காரை விற்று அந்தப் பணத்தைக் கடையில் போட வேண்டிய ஒரு நிலை வந்தது. எப்.பி. 15 என்று எல்லோருக்கும் தெரிந்த மொடல்தான், கடும் நீல நிறம். 2020 மார்ச் மாதம் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு மறுபடி திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடங்களில் பழைய வாகனம் வைத்திருந்தவர்கள் அதைத் தங்கத்தைப் போலத்தான் பார்த்தோம். நானும் நல்லதொரு விலையை மனதில் வைத்திருந்தேன்.

பார்க்க வந்தவர் இஞ்சினைத் திறக்கச் சொல்லவில்லை. காரை வெயிலில் நிறுத்தச் சொல்லி, பொனட்டைக் குனிந்து பார்த்தார். "ஹாஜியார், இது முழுசாப் பெயிண்ட் அடிக்க வேண்டிய வாகனம்" என்று கூறி, ஒன்றரை இலட்சம் ரூபா குறைத்துக் கேட்டார்.

அவர் காட்டியது பொய்யல்ல. நிழலில் மங்கலாக மட்டும் தெரிந்த பொனட், வெயிலில் சிலந்தி வலை படர்ந்தது போல இருந்தது. ஆனால் அதற்கு அவர் சொன்ன வைத்தியம் தவறு. அது எனக்கு அப்போதே தெரியும். ஏனெனில் இதே பொனட்டில் நான் ஏற்கனவே ஒரு முறை சூடுபட்டவன்.

முதலில் அந்த வலை என்னவென்று சொல்கிறேன். இந்தக் காரின் பெயிண்ட், நிறமாக ஒரு பூச்சும் அதற்கு மேல் நிறமற்ற கிளியர் பூச்சும் கொண்டது. வாகனத்தைத் துடைக்கும் துணியில் ஒட்டியிருக்கும் மணல், அந்தக் கிளியரில் மயிரிழை போன்ற கீறல்களைப் போடுகின்றது. உண்மையில் அவை எல்லாத் திசையிலும் ஓடுகின்றன. வெளிச்சத்துக்குக் குறுக்காக உள்ளவை மாத்திரம் மின்னுவதால் நமது கண்ணுக்கு வட்டமாகத் தெரிகின்றன. பல வருடம் தேய்த்துக் கழுவிய சில்வர் தட்டை வெயிலில் பிடித்துப் பாருங்கள், அதே வட்டம் தெரியும்.

மெஷின் பொலிஷ் இந்தக் கீறலை நிரப்புவதில்லை. கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள கிளியரைத் தேய்த்து எடுத்து, மேற்பரப்பை மறுபடி சமமாக்குகின்றது. "கட் அன்ட் பொலிஷ்" என்று நாம் வாயால் சொல்கிறோம், அதில் "கட்" என்ற சொல்லை மட்டும் யாரும் யோசிப்பதில்லை. கம்பனியில் அடித்த கிளியர் பொதுவாக 35 முதல் 50 மைக்ரோன் கனம்தான். ஒரு மில்லிமீற்றரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு ஒரு மைக்ரோன். கடையில் நாம் விற்கும் போட்டோகொப்பித் தாள் ஏறக்குறைய 100 மைக்ரோன். அந்தத் தாளின் பாதிக் கனம்கூட இல்லாத ஒன்றிலிருந்துதான் ஒவ்வொரு தடவையும் சுரண்டி எடுக்கிறார்கள். கடுமையாக ஒரு தடவை வெட்டினால் சில மைக்ரோன் போய்விடும். முதலில் இருந்து எடுத்துச் செலவழிப்பது போலத்தான், திரும்ப வைப்பதற்கு வழியில்லை. வெயிலின் தாக்கத்தைத் தாங்குவதும் இந்தக் கிளியர்தான். அளவுக்கு மீறி மெலிந்தால் இன்று பளபளக்கும், பிறகொரு காலத்தில் பாம்புச் சட்டை போல உரியும்.

நான் சூடுபட்ட கதை இதுதான். பல வருடங்களுக்கு முன் ஒரு பெருநாள் நெருக்கத்தில் இந்தக் காரை ஒரு சேர்விஸ் நிலையத்தில் விட்டேன். கம்பளி பேட் பூட்டிய மெஷினை ஒரு பையன் முழு வேகத்தில் அழுத்திப் பிடித்தான். ஒரு மணித்தியாலத்தில் வேலை முடிந்தது. மாலையில் பார்க்கும்போது பொனட்டின் விளிம்பில் விரல் நீளத்துக்குச் சாம்பல் நிறத்தில் அடிப்பூச்சு தெரிந்தது. விளிம்புகளிலும் பொடியின் மடிப்புக் கோடுகளிலும் பெயிண்ட் இயல்பாகவே மெல்லியது. மெஷினின் அழுத்தம் முழுவதும் அங்கேதான் குவியும். நிலையத்தில் கேட்டபோது, "பழைய பெயிண்ட்தானே காக்கா" என்றார்கள். காசு கொடுத்து என் காரை நானே சுரண்டிக் கொண்ட கதை அது.

ஆகவே இம்முறை அவசரப்படவில்லை. இதையே தொழிலாகச் செய்யும் ஒரு தம்பியைப் பிடித்தேன். அவர் வந்ததும் மெஷினை எடுக்காமல், பெயிண்டின் கனம் பார்க்கும் சிறிய கருவியை எடுத்தார். கதவுகளில் 110, 120 என்று காட்டியது. இது அடிப்பூச்சு, நிறம், கிளியர் எல்லாம் சேர்ந்த கணக்கு. இடது மட்கார்டில் மட்டும் 260. எனக்கு முன்னிருந்தவர் எங்கேயோ இடித்துப் பெயிண்ட் அடித்திருக்கிறார்! இத்தனை வருடம் ஓட்டியும் எனக்குத் தெரியாத சங்கதி. வாகனம் வாங்கப் போகும் வியாபாரிகள் இப்படியொரு கருவியைக் கையில் வைத்திருப்பது நல்லது.

பிறகு கழுவினார். சொப்பிங் பேக் ஒன்றுக்குள் கையை விட்டு பொனட்டைத் தடவிப் பார்க்கச் சொன்னார். வெறும் கைக்குத் தெரியாத சொரசொரப்பு அப்போது தெரிந்தது. அந்த அழுக்கைக் களிமண் போன்ற ஒரு கட்டியால், வழுக்கும் திரவம் தெளித்துத் தெளித்து எடுத்தார். அழுக்கோடு மெஷின் பிடித்தால் அதுவே புதுக் கீறல் போடும். விளிம்புகளுக்கும் பிளாஸ்டிக் பாகங்களுக்கும் டேப் ஒட்டினார்.

அவருடைய மெஷின் வேறு வகை. பழைய ரோட்டரி மெஷின் ஒரே அச்சில் சுற்றுவதால் சூடு ஒரே இடத்தில் ஏறும், பழகாத கையில் அலையலையான தடமும் விடும். இது சுற்றிக்கொண்டே ஆடவும் செய்கின்றது. அதிகம் அழுத்தினால் சுற்றுவது தானாகக் குறையும். வேலை மெதுவாக நடக்கும், ஆனால் பெயிண்ட் எரியும் ஆபத்து மிகக் குறைவு. இரண்டடிக்கு இரண்டடி ஓர் இடத்தில், ஆக மென்மையான ஸ்பொஞ்சையும் மெல்லிய பொலிஷையும் முதலில் பரீட்சித்தார். அது போதாதென்று கண்ட பின்னரே ஒரு படி கடினமானதற்குப் போனார். நகம் தட்டுப்படும் இரண்டு கீறல்களை அப்படியே விட்டுவிட்டார். "அதை எடுக்கப் போனா கிளியர் போயிடும் காக்கா, இருக்கட்டும்" என்றார். அந்த ஒரு வார்த்தையில்தான் அவர் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது. காலையில் தொடங்கிய வேலை அஸருக்குப் பின்னரே முடிந்தது.

டெலிவரிக்கு வெள்ளை வேன் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பழைய வெள்ளை வேன், லொறிகள் பலவற்றில் கிளியரே இருக்காது. கறுப்புத் துணியில் சிறிது பொலிஷ் எடுத்து ஒரு மூலையில் தேய்த்துப் பாருங்கள். வெள்ளை ஒட்டினால் நீங்கள் தேய்ப்பது நிறத்தையேதான். சுண்ணாம்பு போலக் கையில் ஒட்டும் மங்கல் அதில் இலகுவாகப் போகும், ஆனால் கீழே உள்ளதும் அந்த நிறம் மாத்திரமே. கிளியர் ஏற்கனவே உரியத் தொடங்கிய வாகனத்துக்கு எந்தப் பொலிஷும் உதவாது. அங்கே பெயிண்ட் அடிக்கத்தான் வேண்டும்.

இன்னொரு தந்திரமும் இருக்கின்றது. கீறலுக்குள் எண்ணெய்ப் பசையான பூச்சை நிரப்பி மறைத்துவிட்டு, பொலிஷ் போட்டதாகச் சொல்வார்கள். இரண்டு மூன்று கழுவலில் பழைய வலை திரும்ப வரும். காசைக் கொடுக்க முன், தண்ணீர் கலந்த ஐசோபுரோப்பைல் அல்ககோலால் ஓர் இடத்தைத் துடைக்கச் சொல்லுங்கள், பிறகு போன் டோர்ச்சை அடித்துப் பாருங்கள். நிரப்பியிருந்தால் அங்கேயே அகப்படும்.

ஒன்றரை இலட்சம் குறைத்தவருக்கு நான் விற்கவில்லை. வேறொருவர் நாற்பதாயிரம் மட்டும் குறைத்து எடுத்துக்கொண்டார், அதுவும் அந்த மட்கார்டுக்காக. நானே அதைச் சொல்லித்தான் விற்றேன்.

இப்போது கடை வேனைக் கழுவ இரண்டு வாளி வைத்திருக்கிறேன், ஒன்று ஷெம்புக்கு, மற்றது துணியை அலசுவதற்கு. அலசும் வாளியின் அடியில் சேரும் மணலைக் கடைப் பையன்களுக்கு ஒருநாள் காட்டினேன். காலையில் காய்ந்த பனியன் துணியால் தூசி தட்டும் பழக்கத்தை மட்டும் அவர்கள் இன்னும் விட்டபாடில்லை.