கடலோரப் புற்றரையிலே ஒரு கோல்ப் யாத்திரை

வெளிநாட்டுப் பிரயாணம் என்றதும் நம்மிற் பலர் முதலில் நாடுவது பிரயாண முகவரையே. அவர் விமானச் சீட்டை எடுப்பார். விடுதியை ஒழுங்கு செய்வார். இன்ன நாளில் இன்ன இடம் என ஓர் அட்டவணையையும் கையிலே தந்துவிடுவார். ஊர் பார்த்து வரும் சாதாரணப் பிரயாணத்திற்கு இது போதும். ஆனால், கோல்ப் விளையாட்டின் தாயகமாகிய ஸ்கொட்லாந்தின் கடற்கரைகளிலே விளையாட விரும்புவோர் அந்த யாத்திரையைத் தாமே வகுத்துக்கொள்வது நன்று. செலவு குறையும் என்பது மட்டும் அதற்குக் காரணமன்று. அங்குள்ள பழம்பெரும் மைதானங்களின் வரலாறும் இயல்பும் அத்தகையன.

இவ்விளையாட்டு நம் நாட்டுக்குப் புதிதன்று. கொழும்பிலே 1879ஆம் ஆண்டிலும் நுவரெலியாவிலே 1889ஆம் ஆண்டிலும் கோல்ப் கழகங்கள் தோன்றின. ஆங்கிலேயர் ஆட்சி அகன்ற பின்னரும் அவை நிலைத்து நிற்கின்றன. இன்று பிரித்தானியாவிலே குடியேறிவிட்ட பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் காணச் செல்லும் பெற்றோர் நம்மிடையே அநேகர். அவர்களுள் கோல்ப் பயின்றவர்க்கு, இலண்டனிலிருந்து வடக்கே ஒரு வாரம் சென்று வருவது எட்டாக் கனியன்று. திட்டம் மட்டும் செவ்வையாக அமைதல் வேண்டும்.

கடலுக்கும் வயலுக்கும் இடையே

கடல் சார்ந்த நிலத்தை நெய்தல் என்றும், வயல் சார்ந்த நிலத்தை மருதம் என்றும் வகுத்தனர் நம் முன்னோர். ஸ்கொட்லாந்தின் கரையோரங்களில் இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவதாக ஒரு நிலம் உண்டு. அது மணல் மேடுகள் நிறைந்தது, உழவுக்கு உதவாதது, குறும்புல்லும் முட்செடியும் மட்டுமே வளரக்கூடியது. அந்நிலத்தின் பெயரே ‘லிங்க்ஸ்’. மேட்டு நிலத்தைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல் ஒன்றிலிருந்து அப்பெயர் பிறந்தது. பயிர் செய்ய இயலாத நிலத்தில் ஆடுகள் மேய்ந்தன, முயல்கள் வளை தோண்டின, ஊரார் பந்தாடினர். காற்றுக்கு ஒதுங்கி ஆடுகள் படுத்த பள்ளங்களே பின்னாளில் மணற்குழிகள் ஆயின என்று சொல்வதுண்டு.

நம் நாட்டு மைதானங்களில் விளையாடிப் பழகியவர் இந்நிலத்தின் இயல்பை முன்னரே மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும். இங்கே மழையில் நனைந்த மெல்லிய தரையிலே பந்து விழுந்த இடத்திலேயே பெரும்பாலும் தங்கிவிடும். அங்கேயோ நீர் மணலினூடே உடனே வடிந்துவிடுவதனால் தரை இறுகியிருக்கும். விழுந்த பந்து மேடு பள்ளங்களிலே நெடுந்தூரம் உருளும். மரங்களின் மறைவு இல்லை. கடற்காற்றுக்குத் தடையும் இல்லை. வானுயர அடித்த பந்தைக் காற்று தன் விருப்பப்படி கொண்டு போய்விடும். எனவே புறப்படுவதற்குச் சில மாதங்களுக்கு முன்பிருந்தே பந்தைத் தாழ அடித்து உருளவிடும் முறையைப் பயில்தல் நலம்.

ஊராரின் உரிமை

கோல்ப் என்றால் செல்வர்கள் வேலி கட்டி ஆடும் விளையாட்டு என்பது பலருடைய எண்ணம். ஆனால் அதன் தாயகமான சென் அன்ட்ரூஸ் நகரின் கதை வேறு. மக்கள் வில்வித்தையை மறந்து பந்தாட்டத்தில் மூழ்குகிறார்கள் என்று கருதி, 1457ஆம் ஆண்டில் ஸ்கொட்லாந்துப் பாராளுமன்றம் இவ்விளையாட்டைத் தடை செய்தது. பொதுமக்கள் ஆடாத விளையாட்டாயின் அரசு அதனைத் தடுக்க முனைந்திருக்குமா? பின்னர் 1552ஆம் ஆண்டில், அந்நகரின் பேராயர் ஜோன் ஹமில்டன் வழங்கிய சாசனம் கடலோரப் புற்றரையில் விளையாடும் உரிமை ஊராருக்கு உண்டென உறுதி செய்தது.

அவ்வுரிமைக்கு இடையிலே ஓர் ஆபத்து வந்தது. 1797ஆம் ஆண்டில் கடனில் ஆழ்ந்த நகரசபை அந்நிலத்தை விற்றுவிட, முயல் வளர்ப்போர் அங்கே புகுந்தனர். முயல்கள் புற்றரையெங்கும் வளை தோண்டின. விளையாடுவோருக்கும் முயல் வளர்ப்போருக்கும் நெடுங்கால வழக்கு மூண்டது. 1821ஆம் ஆண்டில் ஜேம்ஸ் சீப் என்னும் அயல் நிலவுடைமையாளர் நிலத்தை வாங்கி விளையாட்டைக் காத்தார். 1894இல் நகரசபை பாராளுமன்றச் சட்டத்தின் வழியாக அதனை மீட்டுக்கொண்டது. 1974ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அமைந்த பொது நம்பிக்கை நிதியம் ஒன்றே இன்று அதனை நிருவகிக்கிறது. ஆகவே, உலகெங்கும் கோல்ப் ஆடுவோர் காணத் துடிக்கும் ‘பழைய மைதானம்’ எந்தத் தனிக் கழகத்தினதும் சொத்தன்று, அது பொதுநிலம். கோல்ப் மைதானத்துக்குப் பதினெட்டுக் குழிகள் என்ற கணக்கும் இங்கே பிறந்ததே. 1764ஆம் ஆண்டில் இருபத்திரண்டாக இருந்ததைப் பதினெட்டாகக் குறைத்தனர். பிற்காலத்தில் உலகம் அதனைப் பின்பற்றியது.

திருவுளச் சீட்டு

பொதுநிலமாதலால், சாதாரணப் பிரயாணிக்கும் அங்கே வாசல் திறந்தே உள்ளது. ஆட்ட நேரங்களிற் சில ஏறத்தாழ ஓராண்டு முன்கூட்டியே ஒதுக்கப்படும். கணிசமான பங்கு தினந்தோறும் சீட்டுக் குலுக்கலுக்கு விடப்படும். இருவர் முதல் நால்வர் வரை ஒன்றாகச் சேர்ந்து, ஆட விரும்பும் நாளுக்கு இரண்டு நாட்கள் முன்னதாகப் பிற்பகல் 2 மணிக்கு முன் பெயர் கொடுக்க வேண்டும். முடிவு அன்று மாலையே வெளியாகும். தனியாகச் செல்வோருக்கென 2024ஆம் ஆண்டு முதல் வேறொரு குலுக்கலும் நடைபெறுகிறது. அதற்கு முதல் நாளே நேரிற் சென்று பதிவு செய்தல் வேண்டும். பெயர் கொடுப்பதற்குக் கட்டணமில்லை. சீட்டு விழுந்தால் மட்டுமே பணம் செலுத்த வேண்டும். கோடைப் பருவத்தில் அது ஆளொருவருக்கு 300 பவுணுக்கும் மேலாகும் என்பதை மறவாதிருக்க. ஆட்டத் திறனைக் காட்டும் ‘ஹென்டிகெப்’ சான்றும் கேட்கப்படும். அதனை உங்கள் கழகத்திடமிருந்து பெற்றுச் செல்க.

ஞாயிற்றுக்கிழமைகளில், பெரும் போட்டி நாட்கள் நீங்கலாக, பழைய மைதானத்தில் ஆட்டம் இல்லை. எனவே வெள்ளிக்கிழமை தொடங்கிச் செவ்வாய்க்கிழமை வரை அந்நகரில் தங்குவோர்க்கு வெள்ளி, சனி, திங்கள், செவ்வாய் என நான்கு நாட்களுக்குப் பெயர் கொடுக்கும் வாய்ப்புக் கிட்டும். ஒரே இரவு தங்கிச் செல்பவருக்கு வாய்ப்பும் ஒன்றே. முகவர் வகுக்கும் நெருக்கமான அட்டவணையில் இத்தகைய வெற்று நாட்களுக்கு இடமிராது. இந்த யாத்திரையிலே வெற்று நாளை விட்டுவைப்பதும் திட்டத்தின் ஒரு பகுதியே. சீட்டு விழாத நாளிலும் கவலையில்லை. அதே நகரில் 1895ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டும் இன்றுவரை ‘புதிய மைதானம்’ என வழங்கப்படுவதும், 1897ஆம் ஆண்டின் ஜூபிலி மைதானமும், 1914ஆம் ஆண்டின் ஈடன் மைதானமும் குறைந்த கட்டணத்தில் உள்ளன.

விசாவும் நாட்காட்டியும்

நம் நாட்டவர்க்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. புகழ்பெற்ற மைதானங்களின் முன்பதிவு ஓராண்டுக்கு முன்பே தொடங்கிவிடும். பிரித்தானிய விசாவுக்கோ பிரயாணத் திகதிக்கு மூன்று மாதம் இருக்கும்போதுதான் விண்ணப்பிக்கலாம். அதற்கு முந்தி இயலாது. விசா கிடையாவிடில், செலுத்திய முற்பணம் மீளாமற் போகவுங்கூடும். ஆதலால் எந்த மைதானத்துக்கும் பணம் அனுப்புமுன், அதனைத் திருப்பித் தரும் நிபந்தனைகளை வரி விடாது படித்தல் அவசியம். மீளாப் பணத்தை ஓரிடத்துக்கு மேல் கட்டற்க. முற்பணம் கேளாத சீட்டுக் குலுக்கல் இவ்வகையிலும் நமக்கு உகந்ததே.

காலத்தைப் பொறுத்தவரை மே முதல் செப்டெம்பர் வரை ஏற்றது. ஜூன் மாதத்தில் இரவு 10 மணியளவிலும் வெளிச்சம் இருக்கும். மாலை உணவின் பின்னரும் சில குழிகள் ஆடலாம். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் கட்டணம் பல இடங்களிற் குறையும், குளிர் கூடும். டிசெம்பரிலோ பிற்பகல் 4 மணிக்கு முன்னரே சூரியன் மறைந்துவிடும். பெரும் போட்டிகளுக்காக மைதானங்கள் மூடப்படும் நாட்களையும் முன்னரே விசாரித்துக்கொள்க.

ஒரு கரை போதும்

முதன்முறை செல்வோர் செய்யத்தகாதது, புகழ்பெற்ற மைதானங்கள் எல்லாவற்றையும் ஒரே மூச்சிற் காண முயல்வதாகும். மேற்குக் கரையில் பிரெஸ்ட்விக் உண்டு. 1860ஆம் ஆண்டில் எட்டுப் பேர் மட்டுமே ஆடிய முதலாவது ‘ஓபன்’ போட்டி அங்கேதான் நிகழ்ந்தது. வில்லி பார்க் வென்றார். வடக்கே டோர்னொக் உண்டு. அமெரிக்காவிலே புகழ்பெற்ற பல மைதானங்களை அமைத்த டொனல்ட் ரொஸ் 1872ஆம் ஆண்டில் அவ்வூரிலே பிறந்தவர். இவை இரண்டும் காணத்தக்கனவே. ஆயினும் ஒரே வாரத்தில் இரு கரைகளையும் வடதிசையையும் சுற்றினால் நினைவில் நிற்பது பெருந்தெருக்களாகவே இருக்கும்.

கிழக்குக் கரையை மட்டும் தேர்ந்துகொண்டால் மோட்டார் வாகனமும் வேண்டுவதில்லை. எடின்பரோவிலிருந்து நோர்த் பெரிக் புகையிரதத்தில் அரை மணித்தியாலத்திற்குச் சற்று மேல். அங்குள்ள மேற்கு மைதானத்தில் கல்மதிலுக்கு அப்பாற் பந்தை அனுப்ப வேண்டிய குழியும் உண்டு. ‘ரெடான்’ என்ற பெயருடையதும் உலகெங்கும் பலர் பார்த்து அமைத்துக்கொண்டதுமான பதினைந்தாம் குழியும் உண்டு. மீண்டும் எடின்பரோ வந்து வடக்கே ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் சென்றால் லூக்கர்ஸ் நிலையம். சென் அன்ட்ரூஸ் நகரின் புகையிரதப் பாதை 1969ஆம் ஆண்டில் மூடப்பட்டமையால், அங்கிருந்து சிறிது தூரம் பஸ்ஸில் செல்லவேண்டும். அதே புகையிரதப் பாதையில், டண்டி நகருக்கு அப்பால் கார்னூஸ்டி உளது.

கார்னூஸ்டி மைதானத்தின் இறுதிக் குழியை ஓடையொன்று குறுக்கிட்டு வளைந்தோடுகிறது. 1999ஆம் ஆண்டு ஓபன் போட்டியில், மூன்று அடிகள் முன்னணியுடன் அவ்விறுதிக் குழிக்கு வந்தார் பிரான்சு நாட்டு ஜோன் வான் டி வெல்ட். ஆறு அடிகளில் முடித்திருந்தாலும் வெற்றி அவருடையதே. ஓடையிலும் மணற்குழியிலும் பந்து விழ, ஏழு அடிகளில் முடித்தார். அதனைத் தொடர்ந்த மேலதிக ஆட்டத்தில் வென்றவர், அன்று காலை பத்து அடிகள் பின்தங்கியிருந்த ஸ்கொட்லாந்து வீரர் போல் லோரி. லிங்க்ஸ் நிலத்திலே கடைசி அடி வரை எதுவும் நிச்சயமில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

உடலும் பையும்

இம்மைதானங்களிலே பெரும்பாலும் வாகனம் கிடையாது, நடந்தே ஆடவேண்டும். ஓர் ஆட்டம் ஏறத்தாழ நான்கு மணித்தியாலம்; ஐந்து மைல் நடை. ஆகவே அறுபதைக் கடந்தவர்கள் இரண்டு நாள் ஆடினால் ஒரு நாள் ஓய்தல் நலம். மழை புகாத மேலங்கியும் கம்பளிச் சட்டையும் கோடையிலும் வேண்டும். மட்டைகளைக் கொண்டு செல்வதானால் விமான நிறுவனத்தின் சுமைக் கட்டணத்தை முதலில் அறிந்துகொள்க. பல மைதானங்களில் அவை வாடகைக்கும் கிடைக்கும். இயலுமாயின் ஒரு நாளேனும் ‘கெடி’ எனப்படும் வழித்துணைவரை அமர்த்திக்கொள்க. கண்ணுக்குத் தெரியாத மணற்குழிகளையும் காற்றின் போக்கையும் அறிந்தவர் அவர்.

குடும்பத்திற்கும் இடமுண்டு

உடன் வரும் மனைவியும் பிள்ளைகளும் விடுதியிலே காத்திருக்க வேண்டியதில்லை. பழைய மைதானத்தின் அருகிலே ‘இமாலயம்’ என்ற பெயருடைய மேடுபள்ளப் புற்றரை ஒன்றுண்டு. பெண்கள் மட்டையைத் தோளுக்கு மேல் ஓங்குதல் தகாது எனக் கருதப்பட்ட காலத்தில், 1867ஆம் ஆண்டில், பெண்களுக்கென அமைந்த கழகத்தினுடையது அது. இன்று சில பவுண் கொடுத்து எவரும் அங்கே பந்தை உருட்டி மகிழலாம். முன்பயிற்சி எதுவும் தேவையில்லை.

அனைத்திலும் மேலாக, ஞாயிற்றுக்கிழமை ஒன்றைத் தவறாது அந்நகரிலே கழியுங்கள். அன்று பழைய மைதானம் ஊராரின் பூங்காவாக மாறிவிடும். குழந்தைகள் ஓடுவர், நாயுடன் முதியோர் உலாவுவர், பேர்பெற்ற வீரர்கள் கடந்து சென்ற சுவில்கன் ஓடையின் சிறு கற்பாலத்தின்மீது எவரும் ஏறி நிற்கலாம். சீட்டு விழுந்தவர்க்கும் விழாதவர்க்கும் அன்று வேறுபாடு இல்லை. சாசனம் எழுதியும் வழக்காடியும் ஓர் ஊர் காத்துக்கொண்ட நிலம் அது. திட்டம் வகுக்க அமரும்போது, நாட்காட்டியில் முதலில் அந்த ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துக்கொண்டு, ஏனைய நாட்களை அதனைச் சுற்றி அமைத்துக்கொள்வீர்களாக.