உங்களுக்குத் தெரியுமா? தீராத முன்பணம்

பணக்காரர்களின் அலட்சியம் என்றதும் பலருக்கு 1925-இல் வந்த 'தி கிரேட் கேட்ஸ்பி' என்ற அமெரிக்க நாவல் நினைவுக்கு வரும். காரை ஒரு பெண்மீது ஏற்றிவிட்டு, நிறுத்தாமலே போய்விடுகிறாள் சீமாட்டி டெய்சி.

அவ்வளவு தூரம் போவானேன்? பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்கள். அங்கே மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் 1969-இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவல் 'ரெட் டீ'. தமிழில் அது இரா. முருகவேள் மொழிபெயர்த்த 'எரியும் பனிக்காடு'. மேஸ்திரி நீட்டிய முன்பணத்தை நம்பி மலையேறுகிறார்கள் கருப்பனும் வள்ளியும். கொழுந்து கூடை கூடையாய் நிறைகிறது. கடன் மட்டும் தீர்வதில்லை. காய்ச்சலில் ஆட்கள் சாகிறார்கள். துரைமாருக்கு அது ஆள் கணக்கில் ஒரு குறைச்சல், அவ்வளவுதான்!

பாலாவின் 'பரதேசி' (2013) இந்த நாவலிலிருந்து பிறந்த படம்தான்.