விண்தரவும் அறிவிப்பின் மொழியும்

நுழையும்முன்

விண்கலங்கள் எண்களையே புவிக்கு அனுப்புகின்றன. அவ்வெண்களை ஆய்ந்து பொருள் காண்பது அறிவியல். கண்ட பொருளை மக்களிடம் கொண்டுசேர்ப்பது மொழி. ஆய்வு நிறுவனங்கள் புதிய தரவுகளை வெளியிடும்போது அவற்றுடன் வரும் அறிவிப்பு எத்தகையதாக இருத்தல் வேண்டும் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

ஓர் அறிவிப்பின் பயன்

2019ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் அதிகாலை. நிலவின் தென்துருவப் பகுதியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்த சந்திரயான் – 2இன் விக்ரம் தரையிறங்கு கலம், தரையைத் தொடுவதற்குச் சற்று முன்னர்த் தொடர்பை இழந்தது. அது எங்கே விழுந்தது, எந்நிலையில் கிடக்கிறது என்னும் வினாக்களுக்கு உடனடியாக விடை கிடைக்கவில்லை. நிலவைச் சுற்றிவரும் நாசாவின் எல்.ஆர்.ஓ. என்னும் விண்கலம் செப்டம்பர் 17 அன்று அப்பகுதியைப் படம் பிடித்தது. செப்டம்பர் 26 அன்று அப்படங்கள் அனைவரும் காணும் வகையில் வெளியிடப்பட்டன.

படங்களுடன் வந்த அறிவிப்பு சுருக்கமானது. எனினும், தேவையான அனைத்தையும் கூறியது. தரையிறங்கு கலத்தைத் தம் குழுவினரால் இன்னும் கண்டறிய இயலவில்லை என்று அது ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொண்டது. படம் பிடித்த வேளையில் அப்பகுதியில் அந்தி நிலவியது. ஆகவே, நீண்ட நிழல்கள் நிலப்பரப்பின் பெரும்பகுதியை மூடியிருந்தன. கலம் அந்நிழல்களுள் மறைந்திருக்கக்கூடும் என்று காரணத்தையும் விளக்கியது. அக்டோபரில் ஒளிநிலை சாதகமாக இருக்கும் என்பதையும் தெரிவித்தது.

இவ்வறிவிப்பைக் கண்டு படங்களைப் பதிவிறக்கம் செய்து தேடியவர் பலர். அவர்களுள் ஒருவர், சென்னையில் பணியாற்றிய பொறியாளர் சண்முக சுப்பிரமணியன். அவர் புதிய படத்தை அதே இடத்தின் பழைய படங்களோடு ஒப்பிட்டு, முன்பு இல்லாத ஓர் ஒளிப்புள்ளியைக் கண்டறிந்து நாசாவுக்குத் தெரிவித்தார். விண்கலக் குழுவினர் அடுத்தடுத்து எடுத்த படங்களைக் கொண்டு அதனை ஆராய்ந்தனர். அது விக்ரம் கலத்தின் சிதைவே என்பதை நாசா 2019 டிசம்பர் 2 அன்று அவர் பெயரைச் சுட்டி அறிவித்தது. அவர் கண்ட துண்டு, கலம் மோதிய முதன்மை இடத்திற்கு வடமேற்கே ஏறத்தாழ 750 மீட்டர் தொலைவில் கிடந்தது.

ஆய்வுக்கூடத்திற்கு வெளியே இருந்த ஒருவரால் இதனை எவ்வாறு செய்ய முடிந்தது? தரவு திறந்திருந்தது, எது தெரியும், எது தெரியாது என்பதை அறிவிப்பு தெளிவாகக் கூறியிருந்தது. ‘படத்தில் ஒன்றும் இல்லை’ என்று அது முடிந்திருந்தால், தேடல் அங்கேயே நின்றிருக்கும்.

தரவு வேறு, கண்டுபிடிப்பு வேறு

விண்வெளி ஆய்வு தொடர்பான அறிவிப்புகளை இரு வகையாகப் பகுக்கலாம். ஒன்று, கண்டுபிடிப்பை அறிவிப்பது. மற்றொன்று, தரவை வெளியிடுவது. ‘நிலவின் மண்ணில் கந்தகம் உள்ளது’ என்பது கண்டுபிடிப்பு. ‘நிலவின் மண்ணை ஆய்ந்த கருவியின் பதிவுகள் இன்று முதல் அனைவருக்கும் கிடைக்கும்’ என்பது தரவு வெளியீடு. முன்னது விடையைத் தருகிறது. பின்னது விடை தேடுவதற்கான பொருளைத் தருகிறது. இவ்விரண்டையும் கலந்து எழுதினால், தரவு வெளியான நாளிலேயே புதிய உண்மை ஒன்று மெய்ப்பிக்கப்பட்டுவிட்டதாகப் படிப்போர் மயங்குவர்.

தரவிலும் படிநிலைகள் உண்டு. கருவி பதிவுசெய்தவாறே கிடைப்பது மூலத்தரவு. கருவியின் இயல்பான பிழைகளை நீக்கி, முறையான அலகுகளுக்கு மாற்றப்பட்டது அளவுதிருத்தம் பெற்ற தரவு. அதிலிருந்து கணக்கிட்டுப் பெறும் நிலப்படங்களும் அட்டவணைகளும் வருவிக்கப்பட்ட தரவு. வெளியிடப்படுவது எப்படிநிலையைச் சார்ந்தது என்பதை அறிவிப்பு கூறுதல் வேண்டும். மூலத்தரவில் காணப்படும் ஒரு கரும்புள்ளி, விண்பொருளில் உள்ளதாகவும் இருக்கலாம். கருவியின் குறையாகவும் இருக்கலாம்.

இந்தியாவின் அறிவியல் விண்கலங்கள் அனுப்பும் தரவுகளைப் பேணும் பணியைப் பெங்களூருவை அடுத்த பையலாலுவில் உள்ள இந்திய விண்வெளி அறிவியல் தரவு மையம் மேற்கொள்கிறது. செவ்வாயைச் சுற்றிய மங்கள்யானின் முதலாம் ஆண்டுத் தரவுகள் 2016 செப்டம்பரிலும், சந்திரயான் – 2இன் முதல் தொகுதித் தரவுகள் 2020 டிசம்பரிலும், சூரியனை ஆராயும் ஆதித்யா எல்–1இன் முதல் தொகுதித் தரவுகள் 2025 சனவரியிலும் வெளியிடப்பட்டன. பொதுப்பணத்தில் பெற்ற அறிவு பொதுமக்களுக்கு உரியது என்னும் கொள்கை இவ்வெளியீடுகளில் செயல்வடிவம் பெறுகிறது.

எண்ணும் அலகும்

அறிவியல் அறிவிப்பின் உயிர்நிலை எண்ணாகும். அலகு இல்லாத எண் பொருளற்றது. தவறான அலகோ தீங்கு பயப்பது. நாசாவின் செவ்வாய்க் காலநிலை விண்கலம் 1999 செப்டம்பரில் அழிந்தது. ஒரு குழு பிரித்தானிய அலகில் தந்த விசைக்கணக்கை மற்றொரு குழு மெட்ரிக் அலகில் உள்ளதாகக் கொண்டதே அதற்குக் காரணம். பொறியாளர்களுக்கு இடையிலேயே இத்தகைய பிழை நேருமாயின், பொதுமக்களுக்கான அறிவிப்பில் எத்துணைக் கவனம் தேவை என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

தமிழில் எழுதுவோர் மேலும் ஒரு செய்தியைக் கருத்தில் கொள்ளுதல் வேண்டும். மில்லியன் என்பது 10 இலட்சம். பில்லியன் என்பது 100 கோடி. ஆதித்யா எல்–1 புவியிலிருந்து 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில் இயங்குகிறது. மில்லியனைப் பில்லியன் என்று பிறழ உணர்ந்து 150 கோடி என எழுதிவிட்டால், அவ்விண்கலத்தைச் சூரியனுக்கும் அப்பால் அனுப்பியவர் ஆவோம். ஏனெனில், புவிக்கும் சூரியனுக்கும் இடைப்பட்ட சராசரித் தொலைவே ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர்தான்.

பேரெண்களை ஒப்புமையால் விளக்குதல் நன்று. ‘15 இலட்சம் கிலோமீட்டர்’ என்பதுடன், ‘இது நிலவின் தொலைவைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு, சூரியனின் தொலைவில் நூற்றில் ஒரு பங்கு’ என்று சேர்த்தால், படிப்பவர் மனத்தில் அவ்விடம் தெளிவாகப் பதியும்.

எதனை அளந்தோம் என்பதையும் குறிப்பிடுதல் வேண்டும். 2023 ஆகஸ்டில் விக்ரம் தரையிறங்கு கலத்தின் சேஸ்ட் என்னும் கருவி, நிலவின் தென்துருவப் பகுதி மண்ணின் வெப்பநிலையை அளந்தது. அதன் துளைகோல் 10 செ.மீ. ஆழம்வரை செல்லவல்லது, 10 வெப்ப உணரிகளைக் கொண்டது. ‘நிலவின் வெப்பநிலை கண்டறியப்பட்டது’ என்று எழுதினால் அது மயக்கம் தரும். ‘தரையிறங்கிய இடத்தில், மேல்மண்ணின் வெவ்வேறு ஆழங்களில் வெப்பநிலை எவ்வாறு மாறுகிறது என்பது அளக்கப்பட்டது’ என்றால் இடம், பொருள், எல்லை ஆகிய மூன்றும் விளங்கும்.

உறுதியின் அளவு

அறிவியலில் எல்லாக் கூற்றுகளும் ஒரே உறுதியுடையன அல்ல. தமிழில் இவ்வேறுபாட்டைக் காட்டுவதற்கு வினைமுற்றே போதுமானது. ‘உறுதி செய்யப்பட்டது’, ‘காட்டுகிறது’, ‘இருக்கக்கூடும்’, ‘ஆராயப்பட்டு வருகிறது’ ஆகியன ஒன்றற்கொன்று மாற்றாக வரத்தக்கன அல்ல.

பிரக்யான் ஊர்தியின் லேசர் கருவி பற்றி இஸ்ரோ 2023 ஆகஸ்டு இறுதியில் வெளியிட்ட அறிவிப்பு இதற்கு நல்ல சான்றாகும். நிலவின் தென்துருவப் பகுதி மண்ணில் கந்தகம் இருப்பதைக் கருவி ஐயத்திற்கிடமின்றி உறுதி செய்தது என்று அவ்வறிவிப்பு கூறியது. அலுமினியம், கால்சியம், இரும்பு முதலிய தனிமங்கள் இருப்பதைத் தொடக்கநிலைப் பகுப்பாய்வு காட்டுகிறது என்றது. ஹைட்ரஜன் உண்டா என்பது ஆராயப்பட்டு வருகிறது என்றது. மூன்று செய்திகள், மூன்று வேறு உறுதிநிலைகள். படிப்போர் எதனை எவ்வளவு நம்பலாம் என்பதில் குழப்பமே எழவில்லை.

இதற்கு மாறான நிகழ்வும் உண்டு. 2014 மார்ச்சு 17 அன்று, தென்துருவத்தில் இயங்கிய பைசெப்–2 தொலைநோக்கியின் ஆய்வுக்குழு, பேரண்டத்தின் தொடக்கக் கணத்தில் எழுந்த ஈர்ப்பலைகளின் தடயத்தைக் கண்டதாக அறிவித்தது. அப்போது அவ்வாய்வுக் கட்டுரை ஆய்விதழில் வெளிவந்திருக்கவில்லை. உலகெங்கும் பெருஞ்செய்தியான அக்கூற்று ஓராண்டுகூட நிலைக்கவில்லை. ஐரோப்பாவின் பிளாங்க் விண்கலத் தரவுகளுடன் சேர்த்து ஆராய்ந்தபோது, கிடைத்த குறியீட்டை நமது விண்மீன் மண்டலத்தின் தூசியைக் கொண்டே பெரிதும் விளக்க முடியும் என்பது 2015இன் தொடக்கத்தில் தெரியவந்தது. பிழைபடுவதும் திருத்திக்கொள்வதும் அறிவியலின் இயல்பே. ஆயினும், முதல் செய்தியைக் கேட்டோர் அனைவரையும் திருத்தம் சென்றடைவதில்லை. ஆகவே, முதல் அறிவிப்பிலேயே ஐயத்தின் அளவைக் கூறிவிடுவது அறிவிப்போரின் கடமையாகும்.

நிறம் கூறும் செய்தி

விண்வெளித் தரவுகளுள் மக்களை விரைந்து ஈர்ப்பவை படங்கள். 1976 சூலை 20 அன்று வைக்கிங்–1 செவ்வாயில் தரையிறங்கியது. மறுநாள் வெளியிடப்பட்ட அதன் முதல் வண்ணப்படத்தில் செவ்வாயின் வானம் புவியின் வானம்போல் நீலமாகத் தோன்றியது. நிறங்களுக்கு முறையான அளவுதிருத்தம் செய்தபின், அவ்வானம் இளஞ்சிவப்புச் சாயல் கொண்டது என்பது புலனாயிற்று. நமக்குப் பழகிய நிறத்தை எதிர்பார்க்கும் கண், பிழையையும் இயல்பென ஏற்றுக்கொள்ளும்.

கண்ணுக்குப் புலனாகாத கதிர்களால் பெறப்பட்ட படங்களில் நிறம் என்பது ஒரு குறியீடே. 2019 ஏப்ரல் 10 அன்று வெளியிடப்பட்ட முதல் கருந்துளைப் படத்தை நினைவுகூர்வோம். அது 5.5 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள எம்–87 விண்மீன் மண்டலத்தின் கருந்துளையைக் காட்டுகிறது. வானொலி அலைகளைப் பதிவுசெய்து உருவாக்கப்பட்டது. அதன் செம்மஞ்சள் நிறம் அலைகளின் செறிவை உணர்த்துவதற்குத் தேர்ந்துகொண்டது. அகச்சிவப்புக் கதிர்களைப் பதிவுசெய்யும் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் வண்ணங்களும் அவ்வாறு மாற்றியமைக்கப்பட்டவையே. இதனை ஒரே தொடரில் படத்தின்கீழ்க் குறிப்பிட்டால் போதும். படத்தின் அழகு குறையாது, உண்மையும் சிதையாது.

மாதிரி அறிவிப்பு

சந்திரயான் – 3இன் தரவுகள் 2024 ஆகஸ்டு 23 அன்று, முதல் தேசிய விண்வெளி நாளில் வெளியிடப்பட்டன. ‘நிலவின் இரகசியங்கள் அம்பலம்!’ என்று தலைப்பிட்டு இதனை எழுதினால் கவர்ச்சி இருக்கும், செய்தி இராது. மாணவர் ஒருவர் அதனைப் பின்வருமாறு எழுதலாம்.

“2023 ஆகஸ்டு 23 அன்று நிலவில் தரையிறங்கிய சந்திரயான் – 3இன் ஐந்து அறிவியல் கருவிகள் திரட்டிய தரவுகள் இன்று பொதுவெளியில் வெளியிடப்படுகின்றன. இவற்றுள் மூன்று கருவிகள் விக்ரம் தரையிறங்கு கலத்திலும், இரண்டு பிரக்யான் ஊர்தியிலும் இயங்கியவை. ஏறத்தாழ 55 ஜிகாபைட் அளவுள்ள இத்தரவுகளை இந்திய விண்வெளி அறிவியல் தரவு மையத்தின் ‘பிரதான்’ இணையத்தளத்தில் பெறலாம். கலம் தரையிறங்கிய இடத்தையும் ஊர்தி சென்ற சுற்றுப்புறத்தையும் மட்டுமே இவை காட்டுகின்றன. நிலவு முழுவதற்கும் இவற்றைப் பொதுவாக்குதல் கூடாது.”

இதில் முதல் தொடர் எது, எப்போது என்னும் வினாக்களுக்கு விடை தருகிறது. இரண்டாவது தொடர் தரவின் தோற்றுவாயைக் கூறுகிறது. மூன்றாவது தொடர் அளவையும் பெறும் வழியையும் காட்டுகிறது. இறுதித் தொடர் தரவின் எல்லையை வரையறுக்கிறது. மிகைச்சொல் ஒன்றுகூட இதில் இல்லை. கலைச்சொற்களும் அளவோடு வந்துள்ளன. அவசரமாகப் படிப்பவர் முதல் தொடரோடு நிறுத்தினாலும் அவருக்குச் செய்தி கிடைத்துவிடும்.

நிறைவாக

தமிழில் அறிவியல் எழுதுவோர் பலர் தேவை. ஆங்கில அறிவிப்பைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதால் அத்தேவை நிறைவுறாது. செய்தியை முதலில் தாம் உணர்ந்து, பின்னர்த் தமிழின் இயல்பில் கூறுவோரே அதனை நிறைவேற்ற இயலும். எழுதி முடித்தபின் மூன்று வினாக்களை எழுப்பிக்கொள்ளலாம். எதனை அறிந்தோம்? எவ்வாறு அறிந்தோம்? எதனை இன்னும் அறியவில்லை? இம்மூன்றாம் வினாவிற்கு நேர்மையாக விடை கூறிய ஓர் அறிவிப்புதான், நிலவின் நிழல்களுக்கிடையே கிடந்த ஒரு சிறு துண்டைச் சென்னையிலிருந்து தேடிக் காணும் வாய்ப்பை வழங்கியது. தெரியாததைத் தெரியாது என்று எழுதும் துணிவு, அடுத்துத் தேடப்போகும் ஒருவருக்கு வழியைத் திறந்துவைக்கிறது. அந்த ஒருவர் இன்று வகுப்பறையில் அமர்ந்திருக்கும் மாணவராகவும் இருக்கலாம்.