கிரீஸ் புகையில் பிறந்த சைக்கிள்!

உங்க காலேஜ் சைக்கிள் ஸ்டாண்டுக்கு ஒரு ரவுண்டு போய்ப் பாருங்க. வரிசையா நிக்கிற வண்டிகள்ல ஒண்ணு ரெண்டாவது இப்படி இருக்கும்... நேரா நீட்டி வெச்ச ஹேண்டில்பார், முள்ளு முள்ளா குண்டு டயர், கட்டைவிரல்ல தட்டினா மாறுற கியர். சில வண்டிகள்ல முன் ஃபோர்க்ல ஸ்பிரிங் வேற! 'ஹாஸ்டல்ல இருந்து கேன்டீனுக்குப் போறதுக்கு எதுக்குய்யா இவ்ளோ பில்டப்?'னு என்னிக்காவது யோசிச்சிருக்கீங்களா?

அந்த பில்டப்புக்குப் பின்னாடி ஒரு மலை இருக்கு பாஸ். கையில காசு இல்லாத, தலைமுடி மட்டும் நிறைய இருந்த ஒரு பசங்க கும்பல் இருக்கு. கூடவே, 'நாம கண்டுபிடிச்ச விளையாட்டை நம்ம மலையிலயே முழுசா ஆட முடியலையே'ங்கிற பெரிய ஏக்கமும் இருக்கு.

இடம், அமெரிக்காவின் கலிஃபோர்னியா. சான் ஃபிரான்சிஸ்கோவில் இருந்து கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டினால் வருவது மரீன் மாவட்டம். அங்கே நிற்கிறது டாமல்பையஸ் மலை. உள்ளூர்க்காரர்களுக்குச் செல்லமாக 'டாம்'. உயரம் 785 மீட்டருக்குப் பக்கம்தான். நம்ம ஏற்காட்டில் பாதி! ஆனால், பள்ளத்தாக்கு எல்லாம் அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற ரெட்வுட் மரங்கள், கடலில் இருந்து ஏறி வரும் பனிமூட்டம், காட்டுத்தீ பிடித்தால் வண்டிகள் போவதற்காக வெட்டிய மண் ரோடுகள், நடுநடுவே ஒற்றையடிப் பாதைகள் என்று காடு சும்மா கலக்கும்.

காயலான் கடை ஹீரோக்கள்

எழுபதுகளின் நடுப்பகுதி. மரீனில் சில இளைஞர்கள் ரோடு ரேஸ் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஒல்லி டயர், வளைந்த ஹேண்டில் என பக்கா ரேஸ் வண்டிகள். ஆனால், காட்டுப் பாதையில் அதை இறக்கினால் பத்து நிமிஷத்தில் ரிம் கோணிக்கும்.

என்ன பண்ணலாம்? காயலான் கடைக்குப் போனாங்க! முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் 'ஷ்வின்' கம்பெனி தயாரித்த பழைய சைக்கிள்கள் அங்கே துருப்பிடித்துக் கிடந்தன. பேப்பர் போடுற பையன்கள் ஓட்டின வண்டி. யானை மாதிரி கனம். ஆனா, குண்டு டயர், உடையாத ஃபிரேம். சில டாலர்களுக்கு வாங்கி, மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு எல்லாத்தையும் கழற்றி வீசிட்டு, மலை உச்சிக்குத் தள்ளிக்கொண்டு போய், அங்கிருந்து 'ஜூட்!'

கும்பலில் யார் யார்? கேரி ஃபிஷர். தலைமுடி ரொம்ப நீளமா வளர்த்ததால் 1968-ல் சைக்கிள் ரேஸ்களில் இருந்தே சஸ்பெண்ட் ஆனவர்! அவருடைய ரூம்மேட் சார்லி கெல்லி. ஒரு ராக் பேண்டுக்கு மேடைச் சாமான் தூக்கி இறக்கும் வேலை பார்த்தவர். ஜோ ப்ரீஸ் ரேஸ் வீரர், பழைய சைக்கிள் பைத்தியம். வெண்டி கிராக் அந்தக் கூட்டத்தில் சேர்ந்து மலை இறங்கிய பெண். இவர் கையில் கேமரா மட்டும் இல்லாமல் போயிருந்தால் இந்தக் கதைக்குப் பெரிதாக போட்டோவே மிஞ்சியிருக்காது.

நாலு நிமிஷம் இருபத்திரண்டு செகண்டு

'நம்மள்ல யாருடா ஃபாஸ்ட்?' நாலு பசங்க சேர்ந்தா வர்ற அதே பழைய சண்டைதான். தீர்த்துக்கொள்ள 1976 அக்டோபர் 21-ம் தேதி ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்குப் பக்கத்தில், பைன் மலையில் இருந்து இறங்கும் ஒரு மண் ரோட்டில் ரேஸ் வைத்தார்கள். சுமார் 3.4 கிலோமீட்டர் தூரத்தில் 400 மீட்டர் இறக்கம். ஒவ்வொருத்தராக இறங்க வேண்டும், யாருக்கு நேரம் குறைவோ அவரே வின்னர். முதல் ரேஸில் ஜெயித்தவர் ஆலன் பாண்ட்ஸ். அவருடைய டெக்னிக் ரொம்ப சிம்பிள்... கீழே விழவில்லை. மற்றவங்க எல்லாம் விழுந்தாச்சு!

இந்த வண்டிகளில் கையால் பிடிக்கிற பிரேக் கிடையாது. பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் பின் சக்கர ஹப்புக்குள் இருக்கும் பிரேக் பிடிக்கும். அவ்வளவு செங்குத்தான இறக்கத்தில் மிதித்துக்கொண்டே வந்தால் ஹப் கொதித்துப்போய் உள்ளே இருக்கும் கிரீஸ் எல்லாம் புகையாகக் கிளம்பிவிடும். கீழே போய்ச் சேர்ந்ததும் ஹப்பைக் கழற்றி மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். மறுபடி அடைப்பதற்கு ஆங்கிலத்தில் 'ரீபேக்'. அந்த ரோட்டுக்கும் ரேஸுக்கும் பெயரே அதுதான் ஆகிப்போச்சு!

அதே வருஷ டிசம்பரில் கேரி ஃபிஷர் 4 நிமிஷம் 22 செகண்டில் இறங்கி ரெக்கார்டு போட்டார். கணக்குப் போட்டுப் பாருங்க... சராசரியாக மணிக்கு 46 கிலோமீட்டர். கல்லும் பள்ளமும் வளைவும் நிறைந்த மண் ரோட்டில், முப்பது வருஷப் பழைய வண்டியில்! அந்த ரெக்கார்டை ரீபேக் ரேஸில் அப்புறம் யாரும் உடைக்கவே இல்லை.

இறங்குறது சரி, ஏறுறது? ஒரே கியர் வண்டியைத் தள்ளித் தள்ளியே தோள் கழன்றுவிடும். வழி காட்டினது வேறு ஊர்ப் பசங்க. 1974 டிசம்பரில் மரீனில் நடந்த ஒரு ரேஸுக்கு கூபர்டினோ ஊரில் இருந்து வந்த சிலர், குண்டு டயர் வண்டியில் கியர் மாட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். அதைப் பார்த்த மரீன் பசங்க தலையில் பல்பு எரிந்தது. ஃபிஷர் தன் வண்டியிலும் கியரைப் பொருத்தினார். மலையை ஏறவும் முடிந்தது, இறங்கவும் முடிந்தது. உங்க சைக்கிள்ல இருக்கிற கியரோட பூர்வீகம் இதுதான்.

பழைய ஃபிரேம்கள் ஒவ்வொன்றாக உடைய ஆரம்பிக்க, 1977-ல் ஜோ ப்ரீஸ் மலைக்கென்றே புது ஃபிரேமைத் தன் கையால் செய்தார். காயலான் கடைச் சாமான் ஒன்றுகூட இல்லாத அந்த முதல் 'ப்ரீஸர்', இப்போது வாஷிங்டனில் இருக்கும் ஸ்மித்சோனியன் மியூசியத்தில் இருக்கிறது. 1979-ல் ஃபிஷரும் கெல்லியும் சேர்ந்து டாம் ரிட்சி செய்த ஃபிரேம்களை வைத்து ஒரு கம்பெனி தொடங்கினார்கள். பெயர் 'மவுன்டன் பைக்ஸ்'. அந்தப் பெயரைத் தங்களுக்கென்று காப்பாற்றிக்கொள்ள முடியவில்லை. ஊரே அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. 1981-ல் 'ஸ்பெஷலைஸ்டு' கம்பெனி ஜப்பானில் மொத்தமாகத் தயாரித்து இறக்கிய 'ஸ்டம்ப்ஜம்பர்' வந்ததும் கதை வேறு லெவலுக்குப் போனது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸில் மவுன்டன் பைக் ரேஸுக்கு மெடலே கொடுத்தார்கள். ரீபேக் ரேஸ் தொடங்கி சரியாக இருபது வருஷம்!

சொந்த மலையில் நோ என்ட்ரி

இதுக்கு மேலதான் கதையில ட்விஸ்ட்.

பத்துப் பேர் ஓட்டின வரைக்கும் யாரும் கண்டுக்கலை. நூறு, ஆயிரம்னு ஆனதும் பிரச்னை வெடிச்சது. யோசிச்சுப் பாருங்க... காலையில நிம்மதியா காட்டுல வாக்கிங் போற ஒரு பாட்டி. வளைவுல திரும்பினா, எதிர்ல சத்தமே இல்லாம 40 கிலோமீட்டர் வேகத்துல ஒரு சைக்கிள். பாட்டிக்கு எப்படி இருக்கும்? குதிரை ஓட்டுறவங்க பாடு இன்னும் மோசம். குதிரை மிரண்டா மேல இருக்கிறவர் காலி.

அதோட, டாம் மலையின் பெரும்பகுதி அந்த மாவட்டத்துக்குக் குடிதண்ணீர் தரும் ஏரிகளின் நீர்ப்பிடிப்புப் பகுதி. பாதையில் இருந்து கரையும் மண் நேராக ஓடைக்கும் ஏரிக்கும் போகும். எனவே எண்பதுகளில் தடை வந்தது. ஒற்றையடிப் பாதைகள் பெரும்பாலும் சைக்கிளுக்குக் கிடையாது. மண் ரோடுகளில் போகலாம், ஆனால் மணிக்கு 24 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. மறைவான வளைவில் 8 கிலோமீட்டர்தான். காட்டுக்குள் ரேஞ்சர்கள் வேகம் அளக்கும் ரேடார் துப்பாக்கியோடு நின்று ஃபைன் போட்டார்கள்!

ரீபேக் ரோட்டில் இன்றைக்கும் சைக்கிள் ஓட்டலாம். ஆனால், ஃபிஷர் நாலரை நிமிஷத்துக்குள் இறங்கிய அதே இறக்கத்தில் சட்டப்படி போனால் எட்டு நிமிஷத்துக்கு மேல் ஆகும்.

நாற்பது வருஷமாக இந்தப் பஞ்சாயத்து ஓயவில்லை. 2024-ல் அங்குள்ள குடிநீர் நிர்வாகம் சில ஒற்றையடிப் பாதைகளைச் சோதனை முறையில் சைக்கிளுக்குத் திறக்க முடிவெடுத்தது. இயற்கை அமைப்புகள் உடனே கோர்ட் படியேறிவிட்டன. இரண்டு பக்கமும் காட்டை நேசிக்கிறவங்கதான். அதுதான் இதுல கஷ்டமே!

தண்ணிதான் வில்லன்

சரி, சைக்கிள் டயர் காட்டைக் கெடுக்குதா, இல்லையா? 1994-ல் மான்டானா மாநிலத்தில் நடந்த ஒரு ஆய்வில், பாதையின் மண்ணை அதிகம் கிளப்பியது குதிரைக் குளம்பும் மனிதக் காலும்தான், சக்கரம் அதைவிடக் குறைவு என்று தெரியவந்தது. உடனே காலரைத் தூக்கிவிடாதீங்க. பிரேக்கை அழுத்திப் பிடித்துச் சறுக்கினால் டயர் ஒரு வாய்க்காலே வெட்டிவிடும். ஈரமான மண்ணில் ஓட்டினாலும் அதே கதி. அடுத்த மழையில் தண்ணீர் அந்த வாய்க்காலைப் பிடித்துக்கொண்டு ஓடும். ஒரே சீஸனில் பாதை ஓடையாகிவிடும்.

தடைகளைப் பார்த்து மிரண்ட கலிஃபோர்னியா சைக்கிள் கிளப்புகள் 1988-ல் ஒன்றுசேர்ந்து 'இம்பா' என்ற அமைப்பைத் தொடங்கின. சண்டை போட்டுக்கொண்டே இருப்பதைவிட, நல்ல பாதை போடக் கற்றுக்கொள்வோம் என்பது ஐடியா. அவர்கள் பிரபலமாக்கிய விதிகள் ரொம்ப எளிமை. மலையை நேராகக் கீழே வெட்டாதே, சரிவோடு ஒட்டிக் குறுக்கே போ. மலைச் சரிவு எவ்வளவோ, பாதையின் சரிவு அதில் பாதியைத் தாண்டக் கூடாது. மொத்தப் பாதையின் சராசரிச் சரிவு, நூறு மீட்டர் போனால் பத்து மீட்டர் இறங்குகிற அளவுக்குள் இருக்கட்டும். பாதையின் வெளி ஓரம் லேசாகச் சாய்ந்திருக்கட்டும், தண்ணீர் வழிந்து போய்விடும். நடுநடுவே சின்ன ஏற்றம் வை, தண்ணீர் அங்கேயே பாதையை விட்டு விலகிவிடும். இப்படிப் போட்ட பாதையில் வளைவுக்கு வளைவு வேகமும் தானாகக் குறையும். பாட்டியும் சேஃப், பையனும் சேஃப்!

ஸ்டூடன்ட்ஸும் இதில் இறங்கிவிட்டார்கள். 2001-ல் வடக்குக் கலிஃபோர்னியாவில் ஹைஸ்கூல் பசங்களுக்கென்றே மவுன்டன் பைக் லீக் தொடங்கியது. 2009-ல் அது 'நைகா' என்ற பெயரில் நாடு முழுக்கப் பரவ ஆரம்பித்தது. இங்கே 'பெஞ்ச்ல உட்காரு' என்ற பேச்சே கிடையாது. டீமில் இருக்கிற எல்லாரும் ரேஸில் ஓடலாம். ஓட்டுவதோடு சரி என்றும் இல்லை... மண்வெட்டி பிடித்துப் பாதையைச் சரிசெய்யவும் பழக்குகிறார்கள்.

கிளம்புறதுக்கு முன்னாடி...

* நம்ம ஊர்ல ரிசர்வ் ஃபாரஸ்ட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைத்தாலே குற்றம், சைக்கிளுக்கும் சேர்த்துத்தான். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் கருகியதை மறந்துவிடாதீர்கள்.

* மலைப் பாதையில் நடக்கிறவருக்கும் குதிரைக்கும் சைக்கிள்தான் வழிவிட வேண்டும். வளைவுக்கு முன்னால் மணி அடிங்க.

* இறக்கத்தில் இரண்டு பிரேக்கையும் மாற்றி மாற்றி லேசாகப் பிடிங்க. சீட்டில் இருந்து எழுந்து உடம்பைப் பின்னுக்குத் தள்ளுங்க. முன் பிரேக்கை மட்டும் சடக்கென்று பிடித்தால்... பல் டாக்டர் செலவு தனி!

* மழை விட்ட உடனே மண் பாதையில் இறங்காதீங்க. மண் காயட்டும்.

* ஹெல்மெட்? அதெல்லாம் சொல்லித்தான் தெரியணுமா பாஸ்!

ரீபேக் பசங்க இப்போ தாத்தாக்கள். ரேஸ் நடந்த அதே ஃபேர்ஃபாக்ஸில் 2015-ல் ஒரு சைக்கிள் மியூசியம் திறந்தாச்சு. கட்டி முடிக்க ஓடியாடியவர்களில் ஜோ ப்ரீஸும் ஒருத்தர். அங்கே போய் அந்தத் துருப்பிடித்த வண்டிகளைப் பார்க்கிறவங்க, வெளியே வந்து அதே மலையைப் பார்ப்பாங்க. ஒரு கூட்டம் ஜாலிக்காக ஆரம்பிச்ச விளையாட்டு உலகத்தையே சுத்தி வந்துடுச்சு. ஆனா, வீட்டு வாசல்ல இருக்கிற ஒத்தையடிப் பாதைக்குள்ள நுழைய இன்னும் பேச்சுவார்த்தை நடந்துட்டு இருக்கு.

அடுத்த தடவை கேன்டீனுக்குக் குண்டு டயர்ல பறக்கும்போது, எதிர்ல வர்ற வாட்ச்மேன் தாத்தாவுக்குக் கொஞ்சம் வழிவிட்டுப் போங்க. அந்தப் பழக்கம் மட்டும் 1976-லயே இருந்திருந்தா, டாம் மலைக்கதையே வேற மாதிரி இருந்திருக்கும்!