தட்டுக்குக் கொடுத்த காசு

இசைத்தட்டு வாங்குகிறவர்கள் வீட்டில் நிஜ விலையைச் சொல்வதில்லை. இரண்டாயிரத்துக்கு வாங்கியது எண்ணூறு ஆகிவிடும். எண்ணூறுக்கு வாங்கியது, ‘தெரிஞ்சவருதான், சும்மா கொடுத்தாரு’ ஆகிவிடும். புத்தகம் வாங்குகிறவருக்காவது ஒரு வசதி உண்டு. பைக்குள் செருகிக்கொண்டு வந்து, அலமாரியில் பழையதோடு பழையதாக நிறுத்திவிடலாம். பன்னிரண்டு அங்குல எல்பி உறையை எங்கே ஒளிப்பது? வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, ‘மறுபடியுமா?’ என்ற கேள்வி வந்துவிடும். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்குச் சொல்லவேண்டிய பதில் ஒன்றும் இருக்கிறது. அதைப் புதுக்கோட்டையில் இருந்துகொண்டு சொல்வதுதான் பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது.

புதுக்கோட்டைக்காரருக்கு இந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டால் காரைக்குடிதான் கதி. பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. தேக்குத் தூண், எனாமல் தூக்கு, பீங்கான் ஜாடி, கண்ணாடி போட்ட சாமி படம் எல்லாவற்றுக்கும் நடுவில் கட்டுக்கட்டாக ரெக்கார்டுகள் கிடக்கும். பளபளக்கும் பித்தளைக் குழாயோடு வாசலில் வைத்திருக்கும் கிராமபோனைப் பார்த்து மயங்கவேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை பழைய மோட்டாரையும் புதிய குழாயையும் சேர்த்து ஒட்டவைத்தவை. காசைத் தட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தட்டுகளில் பல நம் மாவட்டத்திலிருந்து போனவைதான். செட்டிநாடு என்றால் காரைக்குடியும் தேவகோட்டையும் மட்டும் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். கோனாபட்டு, ராயவரம், அரிமளம், குழிபிறை, பனையப்பட்டி, நச்சாந்துபட்டி, வலையபட்டி எல்லாம் புதுக்கோட்டை மாவட்டம். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்கப் போய்வந்த குடும்பங்கள் அந்தக் காலத்திலேயே பாட்டுப்பெட்டி வாங்கி வைத்திருந்தன. பங்காளிகள் பாகம் பிரித்து வீட்டை எடுக்கும்போது முதலில் மரம் போகிறது, பிறகு பாத்திரம், பிறகு படங்கள். கடைசியாக, எடைக்குப் போடும் சாமானோடு சேர்ந்து போவது ரெக்கார்டு.

அப்படி வந்த, நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய 78 தட்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். பத்து அங்குலம்தான், ஆனாலும் கனக்கும். பிளாஸ்டிக்கின் கனம் இல்லை. அரக்கும் கல்மாவும் கரியும் சேர்த்து அழுத்திய சரக்கு. ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தால் வரிப்பள்ளங்களில் ஒளி ஓடும். ஒளி ஓடாமல் சாம்பல் பூத்த மாதிரி இருந்தால் இரும்பு ஊசி அந்த இடத்தைத் தின்றுவிட்டது என்று அர்த்தம். பெரும்பாலும் பாட்டின் உச்ச ஸ்தாயி வரும் இடம்தான் அப்படித் தேய்ந்திருக்கும். நடுவில் ஒட்டிய லேபிளில் மசியால் எழுதிய இனிஷியல், ஊர்ப் பெயர், ஒரு எண். அந்த வீட்டில் இதைப்போல் இன்னும் எத்தனையோ இருந்திருக்கின்றன, யாரோ ஒருவர் நோட்டுப் போட்டுக் கணக்கு வைத்திருக்கிறார் என்பது அந்த எண்ணிலிருந்து தெரியும்.

கடைக்காரர் அதைக் கண்டுகொள்ள மாட்டார். “அத விடுங்கண்ணே, பாடுறது யாருன்னே தெரியல. இளையராஜா வந்திருக்கு, எடுத்துக்கங்க, அது நிக்காது” என்பார். அவர் சொல்வது வியாபாரத்துக்குச் சரி. ஸ்டீரியோவில் ஒலிப்பதிவான முதல் தமிழ்ப் படம் என்று பெயர்பெற்ற ‘ப்ரியா’ (1978) நல்ல உறையோடு கிடைத்தால் பேரம் பேசவே முடியாது. 1986இல் வந்த ‘ஹௌ டு நேம் இட்’ கேட்டு வருகிறவர்கள் விலையைப் பார்ப்பதில்லை. ‘திருவிளையாடல்’ வசனத் தட்டுக்கு இன்னும் ஆள் உண்டு. இந்தியாவில் 78 தட்டு 1960களிலும் அச்சாகிக்கொண்டிருந்ததால் பீட்டில்ஸ் பாட்டுகள்கூட இங்கே 78இல் வந்தன. அதைத் தேடி வெளிநாட்டுக்காரர்கள் கொட்டிக் கொடுக்கிறார்கள். பெயர் தெரியாத நாடகப் பாட்டுக்காரியின் தட்டுக்கு ஒரு காபி, டிபன் செலவு போதும். இந்த விலைப்பட்டியல் தலைகீழாக இருக்கிறது என்பது என் கட்சி.

எஸ்.ஜி. கிட்டப்பாவை எடுத்துக்கொள்வோம். தமிழில் பேசும் படம் 1931இல் வந்தது. கிட்டப்பா 1933 டிசம்பரில் இறந்தார், வயது 27. சினிமாவில் அவர் நடிக்கவில்லை. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கியது 1938இல். அப்படியென்றால் நாடக மேடையில் ஊரையே கட்டிப்போட்ட அந்தக் குரல் நமக்கு எப்படிக் கிடைத்தது? தட்டு ஒன்றால்தான். மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடுகிற அந்த அரக்குத் தட்டை, சாப்பாட்டுச் செலவையே எண்ணி எண்ணிச் செய்த காலத்தில், யாரோ காசு கொடுத்து வாங்கினார்கள். உடையாமல் வைத்திருந்தார்கள். வேறு எந்த வழியிலும் அது நம்மிடம் வந்திருக்க முடியாது. அவர்கள் எல்லோரும் வீட்டில் உண்மையான விலையைச் சொல்லியிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

அதற்கும் முன்னே போனால் இன்னும் கெட்டி. கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் ஃப்ரெட் கைஸ்பர்க் கல்கத்தாவில் வந்து இறங்கி, பாடகி கௌஹர் ஜானைப் பதிவு செய்தது 1902இல். பாட்டு முடிந்ததும் பாடியவரே தன் பெயரைச் சொல்லுவார். தட்டு அச்சாவது ஜெர்மனியில். அங்கே இருக்கிறவருக்கு எந்தத் தட்டு யாருடையது என்று தெரியவேண்டுமே. தமிழ்நாட்டில் முதலில் கொம்புக் குழாய் முன் நின்று பாடியவர்களில் தேவதாசி மரபுப் பெண்கள் முக்கியமானவர்கள். கோயம்புத்தூர் தாயி அவர்களில் ஒருவர். அவர் தட்டைக் கேட்டுக் கிறங்கிப்போன பிரெஞ்சு இசையமைப்பாளர் மொரீஸ் தெலாழ், அதிலிருந்தே ‘ராகமாலிகா’ என்று ஒரு பாட்டு அமைத்தார். பாரிஸ்காரர் ஒருவரைத் தமிழ்த் தட்டு அப்படிப் பிடித்து ஆட்டியிருக்கிறது. நம் ஊரில் தாயியின் பெயரை எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள்?

நாம் காசைக் கொடுத்தோம் என்றால், தட்டை விற்றதிலும் நம் பக்கத்துக்காரர் ஒருவர் இருந்தார். காரைக்குடி ஏ.வி. மெய்யப்பன் சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் தொடங்கி ஓடியன் தட்டு வியாபாரத்தில் இறங்கியது 1932இல். ஏவி.எம். என்ற மூன்றெழுத்து சினிமாவுக்கு முன் தட்டோடுதான் தொழில் பழகியது. பாரதியார் பாடல்களின் ஒலிப்பதிவு உரிமையும் ஒரு கட்டத்தில் அவரிடம் இருந்தது. 1949இல் அதை அரசுக்கு விட்டுக்கொடுத்தார். பிறகு பாரதி எல்லோருக்கும் பொதுவானார். ஒரு கவிஞரின் சொத்துரிமை வரலாற்றில் கிராமபோன் தட்டுக்கு இவ்வளவு பங்கு இருந்தது என்பது இன்றைக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

புதுக்கோட்டையின் சொந்தக் குரல் என்றால் பி.யு. சின்னப்பா. பெயரின் முதல் எழுத்தே ஊர்தான். 1916இல் பிறந்து, பாய்ஸ் கம்பெனி நாடகங்களில் வளர்ந்து, ‘உத்தமபுத்திர’னில் (1940) இரட்டை வேடம் போட்டு, ‘ஜகதலப்பிரதாப’னில் (1944) ஒரே பாட்டில் பாடகராகவும் பக்கவாத்தியக்காரர்களாகவும் தானே தோன்றி, 1951இல் முப்பத்தைந்து வயதில் போய்விட்டார். சினிமாவில் சம்பாதித்ததையெல்லாம் ஊரில் வீடு வீடாக வாங்கிப் போட்டார் என்று இன்றும் பெரியவர்கள் சொல்வார்கள். வீடுகள் கைமாறிப் போயின. அவர் பாட்டு இருந்த தட்டு ஒன்றை இன்று எடுத்து ஊசியை வைத்தால், சாரீரத்தில் அந்த மேடைக் கம்பீரம் அப்படியே எழுந்து நிற்கிறது. சொந்த ஊரில் அவர் தட்டுகள் எல்லாம் ஓரிடத்தில் கேட்கக் கிடைக்க வேண்டாமா? இது எனக்கு உள்ளபடியே ஆறாத குறை.

ஓரிடத்தில் சேர்ப்பது ஆகாத காரியமும் இல்லை. இதே புதுக்கோட்டையில், திருக்கோகர்ணத்தில், ஞானாலயா இருக்கிறது. பா. கிருஷ்ணமூர்த்தி, டோரதி கிருஷ்ணமூர்த்தி இருவரும் ஆசிரியப் பணியில் இருந்தவர்கள். 1959இல் தொடங்கிய சேகரிப்பு லட்சத்தைத் தாண்டியது. முதல் பதிப்புகள், நின்றுபோன பத்திரிகைகள் என்று ஆராய்ச்சி செய்கிறவர்கள் எங்கெங்கிருந்தோ தேடிவரும் இடம் அது. மாதச் சம்பளக்காரர்கள் தம் வருமானத்தைப் புத்தகத்தில் போட்டுக் கட்டிய நூலகம். காரைக்குடிக்குப் பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா இருந்தார். நாடக நோட்டீசு, பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை என்று ஊரார் தூக்கிப்போட்டதையெல்லாம் சேர்த்தார். 1992இல் அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. இன்று அது சென்னையில் அவர் பெயராலேயே ஆராய்ச்சி நூலகம். இசைத்தட்டில் அதே வேலையைச் சென்னையில் செய்தவர் வி.ஏ.கே. ரங்கா ராவ். அவர் சேர்த்த 78 தட்டுகள் பல்லாயிரம். இவர்களில் ஒருவராவது, ‘இந்த மாதம் கைக்கு மீறிப் போய்விட்டோமோ’ என்று ஒரு நாளாவது நினைக்காமல் இருந்திருப்பாரா?

இதே மாவட்டத்தில் குடுமியான்மலைக்குப் போனால் பாறையில் ஓர் இசைக் கல்வெட்டு இருக்கிறது. ஏழாம் எட்டாம் நூற்றாண்டுக் காலத்தது. ஏழு ராகங்களுக்குப் பகுதி பகுதியாகச் சுரம் வெட்டி வைத்திருக்கிறான், ருத்ராசாரியாரிடம் பாடம் கேட்ட ஓர் அரசன். பாறையை இழைத்து, சிற்பிக்குக் கூலி கொடுத்து, சுரங்களைக் கல்லில் ஏற்ற என்ன செலவானதோ. அரசன் செய்தால் கலை வளர்த்தான் என்கிறோம். வாத்தியார் செய்தால் ஊதாரி என்கிறோம்.

அதற்காகத் தட்டு வாங்குவதெல்லாம் தர்மகாரியம் என்று நான் சொல்ல வரவில்லை. 2022இல் அமெரிக்காவில் சி.டி.யை விட இசைத்தட்டு எண்ணிக்கையில் அதிகம் விற்றது. 1987க்குப் பிறகு அதுதான் முதல் முறை. அந்த அலை இங்கேயும் அடிக்கிறது. போனில் இலவசமாகக் கேட்கிற பாட்டையே புதிதாக அச்சடித்து, தடித்த உறை போட்டு, ஆயிரக்கணக்கில் விற்கிறார்கள். உறையைப் பிரிக்காமல் அப்படியே வைத்து, விலை ஏறினால் விற்கலாம் என்று வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அதற்குக் குற்ற உணர்ச்சி வந்தால் நல்லதுதான், வரட்டும். எல்பியின் ஒலி எல்லாவற்றையும் விட உயர்ந்தது என்றும் நான் வாதாட மாட்டேன். சித்திரை வெயிலில் மேல்மாடியில் கிடந்து நெளிந்துபோன எல்பியைக் கேட்டவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். எனக்குப் பிடித்தது வேறு. ஒரு பக்கம் இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும். எழுந்துபோய் அடுத்த பாட்டுக்குத் தள்ளத் தோன்றாது. ஒரு ராகத்தை அது முடிகிற வரைக்கும் உட்கார்ந்து கேட்கிற பொறுமை எனக்குத் திரும்பக் கிடைத்தது இந்தத் தட்டுகளால்தான். அதற்குக் கொடுத்த காசை நான் செலவுக் கணக்கில் எழுதுவதில்லை.

நான் போட்டுக்கொண்ட வரம்பு இது: வேறெங்கும் கேட்கக் கிடைக்காததற்குத்தான் முதலில் காசு. வாங்கியதை ஓட்டிக் கேட்கவேண்டும். கடன் வாங்கித் தட்டு வாங்கக் கூடாது. வரம்புக்குள் நின்றாலும் தட்டோடு செலவு முடியாது. 78 தட்டின் பள்ளம் அகலம், எல்பியின் பள்ளம் நுணுக்கம்; இரண்டுக்கும் ஒரே ஊசி ஆகாது. எல்பி ஊசியை 78இல் வைத்தால் இரைச்சல்தான் மிஞ்சும். 78 ஊசியை எல்பியில் வைத்தால் தட்டே பாழ். ஒரு காலத்தில் வீடுதோறும் இருந்த எச்.எம்.வி. ஃபியஸ்டா பெட்டி பார்க்க அழகு. ஆனால் அதன் பாரமான கை நல்ல தட்டைச் சுரண்டும். ஒழுங்கான பிளேயர் வாங்கப் போகிறபோதுதான், அதுவரை வாங்கிய தட்டெல்லாம் மலிவு என்று தெரியும்.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய தட்டு இருந்தால் இரண்டு விஷயம் மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ஒன்று, படுக்க வைத்து அடுக்காமல் செங்குத்தாக நிறுத்துங்கள், மேற்கு வெயில் அடிக்கிற சுவர்ப் பக்கம் வேண்டாம். பூஞ்சை பிடித்திருக்கிறதே என்று 78 தட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிடாதீர்கள், அரக்கு ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். இன்னொன்று, பழைய சாமான் எடுக்க ஆள் வருவதற்கு முன் லேபிளில் இருப்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: கம்பெனி, பாடியவர், பாட்டு, தட்டின் எண். இந்தியாவின் முதல் ஒலிப்பதிவுகளைப் பட்டியலிட்டு 1994இல் புத்தகமாக்கிய மைக்கேல் கின்னியர் ஆஸ்திரேலியாக்காரர். கம்பெனி ஏடுகளையும் லேபிள் எண்களையும் ஒவ்வொன்றாகச் சேர்த்துத்தான் அந்த வேலையைச் செய்தார். குழிபிறையிலோ ராயவரத்திலோ ஒரு வீட்டில் இருந்த தட்டின் எண், அந்தப் பட்டியலில் விட்டுப்போன இடம் ஒன்றை நிரப்பலாம். விற்பது உங்கள் விருப்பம். நோட்டை மட்டும் விற்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.