சீமெந்துத் தரையும் மாரிக்காலப் பூஞ்சணமும்

மாரி பிறந்தால் குளம் நிறைகின்றது, வயல் தழைக்கின்றது, உழவன் உள்ளம் குளிர்கின்றது. ஆனால், அதே மாரி நம் வீட்டு வாயிலிலே நாம் விதையாத பயிரொன்றையும் வளர்த்து விடுகின்றது. சீமெந்துத் தரையில் பச்சையாய்ப் படர்ந்து வழுக்கும் பாசியும், நிழல் மூலைகளில் கரும்புள்ளிகளாய்த் தோன்றும் பூஞ்சணமுமே அப்பயிர். பாசியிற் கால் வழுக்கி எலும்பு முறிந்த முதியோர் எத்தனை பேர்! பூஞ்சண வித்துகளைச் சுவாசித்து இளைப்பினால் வருந்தும் சிறுவர் எத்தனை பேர்! ஆதலால், இவற்றைத் தடுக்கும் முறையை ஒவ்வொரு குடும்பத்தினரும் அறிந்திருத்தல் நன்று.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையிலே, போரதீவுப்பற்றில் அமைந்தது வெல்லாவெளி. அப்பற்றின் பிரதேச செயலகம் இருப்பதும் இவ்வூரிலேயே. வயலும் குளமும் சூழ்ந்த இம்மருத நிலத்தில், ஐப்பசி முதல் தை வரை பெய்யும் மழையே ஆண்டு மழையின் பெரும்பகுதியாகும். 2011 ஜனவரியில் மட்டக்களப்பு மாவட்டத்தை மூடிய பெருவெள்ளத்தை இப்பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

நம் முன்னோர் மண் தரையைச் சாணமிட்டு அடிக்கடி மெழுகினர். ஆகவே தரையும் அடிக்கடி புதிதாயிற்று. பின்னர்ச் சீமெந்து வந்தது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் தொடங்கி, 1990இல் போரினால் மூடப்படும் வரை நம் நாட்டின் கட்டடங்களுக்குச் சீமெந்து வழங்கியது. இன்று உழவு இயந்திரம் நிற்கும் கொட்டகை, தெருவாயிலிலிருந்து வீடு வரை வண்டி செல்லும் பாதை, நெல் மூட்டை அடுக்கும் அறை ஆகியவற்றின் தரைகள் பலவிடங்களில் கொங்கிறீட்டாகிவிட்டன. ஒருமுறை இட்டால் போதும், இனிக் கவலையில்லை என்று நாம் எண்ணிவிடுகின்றோம்.

கல்லினுள்ளும் நீர் உண்டு

கொங்கிறீட் கல்லைப் போற் கடினமானது. ஆனால் நுண்துளைகள் நிறைந்தது. சீமெந்து இறுகுவதற்குச் சிறிதளவு நீரே வேண்டும். வேலை எளிதாகும் என்று கலவையில் மிகுதியாக ஊற்றும் நீர், காய்ந்து வெளியேறும்போது மயிரிழையினும் நுண்ணிய வழிகளை விட்டுச் செல்கின்றது. விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது போல, அவ்வழிகள் நிலத்தின் ஈரத்தை மேலே இழுக்கின்றன. மாணவர்கள் இதனை மயிர்த்துளைக் கவர்ச்சி என்று விஞ்ஞான பாடத்திற் படித்திருப்பர்.

பூஞ்சணம் கொங்கிறீட்டை உண்பதில்லை. அதன்மேற் படியும் தூசி, சருகு, தவிடு, எண்ணெய்க் கசிவு ஆகியவையே அதன் உணவு. உணவு எங்கும் உண்டு. ஈரம் சேர்ந்தால் அது முளைத்துவிடும். பாசிக்கோ ஈரத்துடன் வெளிச்சமும் வேண்டும். ஆகவேதான் திறந்த பாதையிற் பாசியும், இருண்ட கொட்டகையிற் பூஞ்சணமும் மிகுகின்றன.

தரையிற் பூக்கும் வெண்மை எல்லாம் பூஞ்சணமன்று. அதன்மேற் சில துளி நீர் விட்டுப் பாருங்கள். கரைந்து மறைந்தால் அது பெரும்பாலும் உப்பு. ஆயினும், நிலத்து நீர் மேலே ஏறுகின்றது என்பதற்கு அவ்வுப்பே சாட்சி.

ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் வாழ்வோர்க்குச் சுவாச நோய்களும் ஆஸ்த்துமாவும் கூடுதலாக ஏற்படுகின்றன என்பதை உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டி எடுத்துரைத்தது. நெல் சேமிப்போர் மேலும் ஒன்றைக் கருதவேண்டும். 14 சதவீத ஈரப்பதத்துக்குக் காயவைத்த நெல்லும், நனைந்த தரையில் நேரே அடுக்கினால் அடியிலிருந்து ஈரமேறிப் பூஞ்சணம் பிடிக்கும். மூட்டைகளை மரச்சட்டங்களின்மேல் அடுக்குவதே முறை.

பூச்சுக்கு முன் செய்ய வேண்டியவை

கறுத்த தரையைக் கண்டவுடன் வர்ணம் வாங்க ஓடுவோர் பலர். ஈரத் தரையின்மேற் பூசிய பூச்சு, கீழிருந்து எழும் நீராவியால் கொப்புளமிட்டு உரிந்துவிடும். பணமும் உழைப்பும் வீணாகும். முதலில் நீரின் வழியை அடைக்க வேண்டும். கூரை நீரைப் பீலி வைத்து அப்பால் விடுக. பாதைக்கு அடிக்குக் கால் அங்குலம் சரிவு இருப்பின் நீர் தேங்காது. புதிதாகத் தரை இடுவோர், கற்பரப்பின்மேல் தடித்த பொலித்தீன் விரித்து அதன்மேற் கொங்கிறீட் இடுவாராயின் ஈரம் ஏறுவது பெரிதும் குறையும்.

அடுத்தது சுத்தம். எண்ணெய்க் கறையின்மேல் மரத்தூள் தூவி எடுத்து, சவர்க்கார நீரால் முரட்டுத் தூரிகை கொண்டு தேய்க்க வேண்டும். எஞ்சிய பூஞ்சணத்துக்கு, சலவைக்கு விற்கும் குளோரின் திரவம் 1 பங்குக்கு 16 பங்கு நீர் கலந்து தடவிக் கழுவலாம். கையுறை அணிக, கதவுகளைத் திறந்து வைக்க, கழுவிய நீர் கிணற்றடிக்குச் செல்லாதவாறு காக்க. இத்திரவத்துடன் மலசலகூடம் கழுவும் அமிலத்தையோ அமோனியாவையோ ஒருபோதும் கலக்கலாகாது. எழும் நச்சுவாயு உயிருக்கே உலை வைக்கும்.

பின்னர், ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீன் தாளைத் தரையில் வைத்து, நான்கு ஓரங்களையும் ஒட்டி ஒரு நாள் விட்டுவைக்கவும். தாளின் அடியில் நீர் வியர்த்தாலோ, தரை கறுத்தாலோ, பூசும் காலம் இன்னும் வரவில்லை என்பது பொருள்.

எப்பூச்சு எதற்கு?

வெயிலும் மழையும் படும் பாதைக்கு, சிலேன் அல்லது சிலொக்சேன் வகைத் திரவம் ஏற்றது. அது துளைகளுள் இறங்கி வெளிநீரைத் தடுக்கும். உள்ளிருக்கும் ஆவியையோ வெளியேற விடும். கூரையுள்ள கொட்டகைக்கு, இரு பகுதிகளைக் கலந்து பூசும் எப்பொக்சி உறுதியானது, எண்ணெயும் ஊறாது. ஆனால் வெயிலில் அது மஞ்சளிக்கும், நனைந்தால் வழுக்கும். ஆகவே பூசும்போதே மெல்லிய மணல் தூவுதல் வேண்டும். புதிய கொங்கிறீட்டாயின் 28 நாட்களேனும் பொறுத்த பின்பே பூசத் தொடங்குக.

மாரி ஓய்ந்து, அறுவடை முடிந்து, கச்சான் காற்று வீசும் காலமே இவ்வேலைக்கு உகந்தது. நண்பகலில் தரை சூடேறும்போது துளைக் காற்று விரிந்து குமிழியிடுமாதலால், தரை தணியும் மாலையிற் பூசுவது சிறப்பு.

பூச்சு நல்ல காவலன். ஆயினும் தூசி படிந்தால் அதன்மேலும் பூஞ்சணம் முளைக்கும். வாரந்தோறும் கூட்டிப் பெருக்கும் துடைப்பமும், தடையின்றி ஓடும் வடிகாலும் துணைநின்றால்தான் அக்காவல் நிலைக்கும். வெயிற்காலத்தில் இரண்டு நாள் உழைப்பைத் தரைக்குக் கொடுப்போமாயின், அடுத்த மாரியில் நம் வீட்டுப் பாட்டனாரும் பேரக் குழந்தையும் அச்சமின்றி அதன்மேல் நடப்பர்.