முதல் கிதாரும் தந்தியின் உயரமும்

கிதார் கற்க விரும்பும் ஒருவருக்குக் கடைக்காரரும் ஆசிரியரும் நண்பர்களும் ஏறக்குறைய ஒரே குரலில் கூறும் அறிவுரை, முதலில் அக்கூஸ்டிக் கிதாரில் விரல்களைப் பழக்கிக்கொண்டு பின்னரே எலெக்ட்ரிக் கிதாருக்கு மாற வேண்டும் என்பதாகும். கடினமானதில் பழகினால் எளியது தானே கைவரும் என்ற நம்பிக்கையே இதற்கு அடிப்படை. ஆயினும் இரு கருவிகளின் அமைப்பையும் சற்று நெருங்கி நோக்கினால், இவ்வறிவுரை எல்லோருக்கும் பொருந்துவதன்று என்பது புலப்படும். 2015இல் ஃபெண்டர் நிறுவனத்தின் தலைமை நிர்வாகியாகப் பொறுப்பேற்ற ஆண்டி மூனி, முதன்முறையாகக் கிதார் வாங்குவோரில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் ஓராண்டுக்குள் அதைக் கைவிட்டுவிடுவதாகக் கூறியிருக்கிறார். ஆர்வம் தணிவதும் நேரமின்மையும் இதற்குக் காரணங்களாக இருக்கலாம் என்றாலும், மலிவான கருவியைப் பொறுத்தவரை, அதன் ஒலிக்குறையைக் காட்டிலும் அது விரல்நுனிகளுக்குத் தரும் வலியே பெரிய தடை எனக் கருத இடமுண்டு.

அக்கூஸ்டிக் கிதாரில் தந்தியின் அதிர்வு, வீணையில் குதிரை எனப்படும் உறுப்புக்கு ஒப்பான பிரிட்ஜின் வழியாகப் பெட்டியின் மேற்பலகையை அடைந்து, அப்பலகையையும் உள்ளிருக்கும் காற்றையும் அசைத்து ஒலியாகிறது. மரப்பலகையை அசைப்பதற்கு வலிமை வேண்டுமாதலால் இதில் தடித்த எஃகுத் தந்திகள் பூட்டப்படுகின்றன. அவை ஆறும் சேர்ந்து கருவியின் மீது ஏறத்தாழ 70 கிலோகிராம் எடைக்கு நிகரான இழுவிசையைச் செலுத்துகின்றன. எலெக்ட்ரிக் கிதாரில் பலகை அசைய வேண்டிய தேவையே இல்லை. தந்திகளுக்குக் கீழே பதிக்கப்பட்ட பிக்கப் என்னும் உறுப்பில், காந்தத்தைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றப்பட்டிருக்க, எஃகுத் தந்தி அதன் மேல் அதிரும்போது, மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டலின்படி கம்பியில் சிறு மின்னோட்டம் எழுகிறது. அதை ஆம்ப்ளிஃபயர் பெருக்கி ஒலியாக்குகிறது. ஆகவே மெல்லிய தந்தியே போதுமானது. இழுவிசையும் அக்கூஸ்டிக்கில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான்.

இவ்விரண்டுக்கும் வெளியே நிற்பது, 19ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டின் அந்தோனியோ தெ தோரெஸ் வடிவம் தந்த கிளாசிக்கல் கிதார். முன்பு விலங்குக் குடலால் செய்யப்பட்ட அதன் தந்திகளுக்கு மாற்றாக, ஆல்பர்ட் அகஸ்டின் 1940களில் ஆந்த்ரெஸ் செகோவியாவின் ஊக்கத்துடன் நைலான் தந்திகளை உருவாக்கினார். நைலான் விரலுக்கு மென்மையானது. எனினும் இக்கிதாரின் கழுத்து அகன்றது என்பதால் சிறு கையினர் அதற்குரிய குறுகிய அளவுகளையே நாட வேண்டும். ஒலி கூடட்டும் என்று இதில் எஃகுத் தந்திகளைப் பூட்டுவோர், சில மாதங்களில் பிரிட்ஜ் பெயர்ந்து எழுவதைக் காண நேரும்.

வாசிக்க விரும்பும் இசை எதுவோ அதற்குரிய கருவியையே முதற்கருவியாகக் கொள்வதே முறை. பாடியபடியே பல சுரங்களை ஒருசேர மீட்டும் கார்டுகளை வாசிக்க விரும்புபவருக்கும், ‘பயணங்கள் முடிவதில்லை’ (1982) படத்தின் நிலாப் பாடலில் வருவது போன்ற தனித்தனித் தந்தி மீட்டலில் மனம் பறிகொடுத்தவருக்கும் அக்கூஸ்டிக் பொருந்தும். ராக் இசையை நாடுபவர் இரண்டு ஆண்டுகள் அக்கூஸ்டிக்கில் தவமிருக்க வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. கர்நாடக இசையை வாசிக்க நினைப்பவரின் நிலையும் இதுவே: வீணையில் போலத் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் எழுப்புவது மெல்லிய தந்திகளில்தான் எளிதாகக் கைகூடும் என்பதால், கிதாரில் கர்நாடக இசை வாசித்துப் புகழ்பெற்ற ஆர்.பிரசன்னா போன்றோர் எலெக்ட்ரிக் கிதாரைக் கையாண்டது இயல்பானதே. ஆயினும் எலெக்ட்ரிக்கை நாடுவோர், கருவியின் விலையோடு சிறிய ஆம்ப்ளிஃபயர், இணைப்புக் கம்பி ஆகியவற்றின் விலையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிப்பவருக்கு ஹெட்ஃபோன் செருகும் வசதியுள்ள ஆம்ப்ளிஃபயர் அண்டை வீட்டாருடனான நல்லுறவையும் காக்கும்.

வகையைத் தீர்மானித்தபின் கடையில் முதலில் ஆராய வேண்டியது தந்தியின் உயரம். கிதாரின் கழுத்தில் குறுக்காகப் பதிக்கப்பட்ட உலோகக் கீற்றுகள் ஃபிரெட் எனப்படும். வீணையின் மெட்டுகளைப் போன்றவை இவை. பன்னிரண்டாவது மெட்டின் மேல்விளிம்பிலிருந்து தடித்த ஆறாம் தந்தியின் அடிப்பகுதி வரையுள்ள இடைவெளி, அக்கூஸ்டிக்கில் ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டரும் எலெக்ட்ரிக்கில் 2 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகவும் இருப்பது நன்று. 3 மில்லிமீட்டரைத் தாண்டினால் தொடக்க நிலையினரின் விரல்கள் தேவையின்றித் துன்புறும். பள்ளி மாணவரின் அளவுகோலே இதை அளக்கப் போதுமானது. கழுத்தின் மேல்முனையில் தந்திகளைத் தாங்கும் நட் என்னும் சிறு துண்டும் இதே போல் முக்கியமானது: ஒரு தந்தியை மூன்றாம் மெட்டில் அழுத்தும்போது அது முதல் மெட்டைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும்; அங்கே பெரிய இடைவெளி தெரிந்தால், ஒரே விரலால் ஆறு தந்திகளையும் அழுத்த வேண்டிய எஃப் கார்டு, கற்பவருக்கு எட்டாக்கனியாகிவிடும்.

மெட்டுகள் சரியான இடத்தில் அமைந்துள்ளனவா என்பதும் பார்க்கத்தக்கது. எஞ்சிய தந்தி நீளத்தை 17.817ஆல் வகுத்து அடுத்த மெட்டின் இடத்தைக் குறிப்பது இன்றைய கணக்கு; விஞ்ஞானி கலிலியோவின் தந்தையும் லூட் இசைக்கலைஞருமான வின்சென்சோ கலிலி, 16ஆம் நூற்றாண்டிலேயே 18 என்ற எண்ணைக் கொண்டு இதற்கு வெகு அருகில் வந்துவிட்டார் என்பது வியப்புக்குரியது. வாங்குபவர் இக்கணக்கைப் போட வேண்டியதில்லை. பன்னிரண்டாவது மெட்டின் நேர்மேலே தந்தியை அழுத்தாமல் தொட்டு மீட்டும்போது எழும் மெல்லிய ஒலியும், அதே மெட்டில் அழுத்தி மீட்டும்போது எழும் ஒலியும் ஒரே சுருதியில் இருக்கின்றனவா எனக் கைப்பேசிச் செயலியில் சரிபார்த்தால் போதும். உயரம் சற்றுக் கூடுதலாக இருக்கும் கருவியையும் உடனே ஒதுக்கிவிட வேண்டியதில்லை. கழுத்தினுள் ஓடும் டிரஸ் ராட் என்னும் எஃகுத் தண்டைத் திருகிக் கழுத்தின் வளைவைச் சரிசெய்தும், பிரிட்ஜில் தந்தி அமரும் துண்டைத் தேய்த்தும் உயரத்தைக் குறைக்கலாம். செட்டப் எனப்படும் இச்சீரமைப்புக்குச் செலவழியும் சிறுதொகை, அதே தொகைக்குக் கிடைக்கும் பளபளப்பான வண்ணத்தையோ உறை, பட்டை, மீட்டுவில்லை அடங்கிய இலவசத் தொகுப்பையோ காட்டிலும் பன்மடங்கு பயனுள்ளது.

மரத்தைப் பற்றிய கவலை முதற்கருவிக்கு அவ்வளவாகத் தேவையில்லை. ஒரே பலகையால் ஆன மேற்பலகை, ஒட்டுப்பலகையைவிட இனிமையாக ஒலிக்கும் என்பது உண்மையே. ஆனால் அது ஈரப்பதத்துக்கு ஏற்ப விரிந்து சுருங்கும் இயல்புடையது என்பதால், சென்னை போன்ற கடற்கரை நகரங்களில் ஒட்டுப்பலகைக் கிதாரே கவனிப்புக் குறைவைத் தாங்கி நிற்கும். கணினி இயக்கும் அறுவை எந்திரங்கள் வந்தபின், இந்தோனேசியாவிலும் சீனாவிலும் தயாராகும் மலிவுக் கருவிகளின் துல்லியம் மிகவும் உயர்ந்துவிட்டது; யமஹா நிறுவனம் சென்னைக்கு அருகிலுள்ள தன் ஆலையிலும் அக்கூஸ்டிக் கிதார்களைத் தயாரிக்கிறது. பத்தாயிரம் ரூபாயை ஒட்டிய விலையில் நம்பகமான அக்கூஸ்டிக் கிடைக்கிறது. ஆம்ப்ளிஃபயருடன் கூடிய எலெக்ட்ரிக்குக்கு ஏறத்தாழ இருமடங்கு ஆகும். கடைகளில் ‘செமி அக்கூஸ்டிக்’ என்ற பெயரில் விற்கப்படுவது பெரும்பாலும் பிக்கப் பொருத்திய சாதாரண அக்கூஸ்டிக்கே ஆகும். மேடை ஏறும் நாள் வரை அந்தக் கூடுதல் விலைக்குப் பயனில்லை.

பழைய கிதார் வாங்குவது பெரும் சிக்கனம் என்றாலும் மூன்று இடங்களைக் கூர்ந்து நோக்க வேண்டும். மெட்டுகளில் தந்தி பதிந்து ஏற்பட்ட பள்ளங்கள் ஆழமாக இருந்தால் அவற்றை மாற்றும் செலவு கருவியின் விலையையே எட்டிவிடும். பிருடைகளைத் திருகும்போது தந்தி சீராக இறுகாமல் துள்ளி நகர்ந்தால் அவற்றை மாற்ற வேண்டியிருக்கும். இது பெரிய செலவன்று. அக்கூஸ்டிக்கின் பிரிட்ஜுக்குப் பின்னால் மேற்பலகை பிதுங்கியிருந்தாலோ, பிரிட்ஜின் பின்விளிம்புக்கும் பலகைக்கும் இடையே ஒரு தாள் நுழையுமளவு இடைவெளி இருந்தாலோ, அது தந்தியின் இழுவிசைக்குத் தளர்ந்துவிட்ட கருவி. விற்பவர் எவ்வளவு விலை குறைத்தாலும் அதை வாங்காமல் திரும்புவதே நன்று.